ஸ்ரீராம்புரம் மாலை வகுப்பில் ஆறு பழைய கணினிகள்: லேசான லினக்ஸ் டெஸ்க்டாப் அமைத்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில், மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு வீட்டு மாடியில் மாலை வகுப்பு நடக்கிறது. பின்னி மில் ஓடிய காலத்தில் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் வருகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். வகுப்பை நடத்துபவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. பிள்ளைகளுக்கு அவர் ‘மிஸ்’. அறையைத் திறப்பது, வருகைப் பதிவு, மாதக் கணக்கு, யார் எந்தக் கணினியில் உட்காருவது ஆகியவற்றைப் பார்ப்பவர் இன்னொருவர். கார்மென்ட்ஸ் கம்பெனியில் பல வருடம் தைத்துவிட்டு, கண் பார்வை குறைந்ததால் வேலையை விட்டவர். எல்லோருக்கும் அவர் ‘அக்கா’. இந்த ஆய்வின் மையத்தில் இருப்பவர் அவர்தான். அது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

கணினிகள் ஆறும் 2022 கடைசியில் ஓர் அலுவலகம் கழித்துக் கொடுத்தவை. நான்கில் கோர் 2 டுவோ செயலி, 2 ஜிபி டிடிஆர்2 ரேம். ஒன்றில் இரண்டாம் தலைமுறை ஐ3, 4 ஜிபி டிடிஆர்3. மிச்சமிருந்த ஒன்று பென்டியம் 4, ரேம் 1 ஜிபி. பென்டியத்தில் விண்டோஸ் எக்ஸ்பி, மற்றவற்றில் விண்டோஸ் 7. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14 அன்றே நின்றுவிட்டன. 2023 தொடக்கத்தில் குரோம் உலாவியும் 109ஆம் பதிப்போடு அதைக் கைவிட்டது. அதன்பின் சில தளங்கள் ‘உலாவியைப் புதுப்பிக்கவும்’ என்று சொல்லி நின்றுவிடத் தொடங்கின. உதவித்தொகை விண்ணப்பம் போட வந்த பிள்ளைகள் பக்கத்து சைபர் சென்டருக்குப் போனார்கள், பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும்; இந்த ஆறில் ஒன்றிலும் அது இல்லை. விண்டோஸ் 10 போடலாம் என்றால், அதற்கு 2025 அக்டோபர் 14 வரைதான் ஆதரவு என்று அப்போதே அறிவித்திருந்தார்கள். 2 ஜிபியில் அது திணறவும் செய்யும். மிஸ் என்னை அழைத்தது 2023 ஜூன் கடைசியில். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு வகை டெபியன். அதன் 12ஆம் பதிப்பு வெளியாகி (ஜூன் 10) இரண்டு வாரம் ஆகியிருந்தது. லினக்ஸ் போட்டுவிடலாம் என்று அன்றே சொன்னேன்.

ஜூலை: முதல் இரண்டு சனிக்கிழமைகளில் பார்த்தது

எதையும் நிறுவுவதற்கு முன் ஒவ்வொரு கணினியையும் திறந்து பார்த்தோம். தூசியும் காய்ந்துபோன தெர்மல் பேஸ்டும் எதிர்பார்த்ததுதான். விசிறி அடைத்துக்கொண்ட இரண்டில் செயலி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. துடைத்துப் புதுப் பேஸ்ட் தடவியதுமே கொஞ்சம் தேறின.

எதிர்பாராதது தேதி. மூன்று கணினிகள் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் 2009 ஜனவரிக்குத் திரும்பின. கணினியின் முதன்மைப் பலகையில் (மதர்போர்டு) இருக்கும் வட்ட பேட்டரி, சிஆர்2032, செத்துப்போயிருந்தது. ‘இந்தத் தளம் பாதுகாப்பற்றது’ என்று உலாவி காட்டியதற்கும் அதுதான் காரணம். இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் 2023-இல் வழங்கியது. கணினியின் கணக்கில் அந்த வருடம் இன்னும் பிறக்கவே இல்லை. அக்கா இதை வைரஸ் என்று நினைத்து, அந்த மூன்றிலும் பென்டிரைவ் போடக் கூடாதென்று பிள்ளைகளைத் தடுத்து வைத்திருந்தார். முப்பது ரூபாய் பேட்டரியில் தீர்ந்த விஷயம். பழைய கணினியைக் கையில் எடுப்பவர்கள் முதலில் தேதியைப் பாருங்கள்.

பிறகு டெபியனின் லைவ் பதிப்பை பென்டிரைவில் எழுதி, எதையும் அழிக்காமல் அதிலிருந்தே இயக்கிப் பார்த்தோம். ஐந்து செயலிகள் 64 பிட். பென்டியம் 4 மட்டும் அதற்கு முந்தைய 32 பிட் வகை. வட்டின் நலத்தைக் காட்டும் ஸ்மார்ட் சோதனையில் இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள் தெரிந்தன. அவை எப்போது வேண்டுமானாலும் போகலாம். விண்டோஸ் 7 திறந்து, உலாவி வேலைக்குத் தயாராக, கோர் 2 டுவோ ஒன்றில் 6 நிமிடம் 40 விநாடி ஆனது. மாலை வகுப்பே இரண்டு மணி நேரம்தான்.

முதல் முடிவும் அதன் காரணமும்

2 ஜிபி ரேமில் ஒவ்வொரு எம்பியும் முக்கியம் என்று நினைத்தேன். டெபியன் 12-ஐ டெஸ்க்டாப் (பட்டை, ஐகான், மெனு எல்லாம் சேர்ந்த திரை முகப்பு) எதுவும் இல்லாமல் நிறுவி, அதன்மேல் ஜன்னல்களைக் கையாள மட்டும் உதவும் ஓப்பன்பாக்ஸ் என்ற ஜன்னல் மேலாளரை மட்டும் போட்டேன். கீழே பட்டை கிடையாது, ஐகான் கிடையாது. வெறும் திரையில் வலது கிளிக் செய்தால் மெனு வரும். நடுப் பொத்தானை அழுத்தினால் திறந்திருக்கும் ஜன்னல்களின் பட்டியல் வரும். கணினி சும்மா இருக்கும்போது 190 எம்பிக்குள் நின்றது. அந்த எண்ணைப் பார்த்து எனக்கு ரொம்பத் திருப்தி. மூன்று நாளில் ஐந்து கணினிகளையும் முடித்துவிட்டேன்.

நானே வருடக்கணக்கில் அப்படித்தான் கணினியைப் பயன்படுத்துகிறேன். கை அதற்குப் பழகிவிட்டதால், மற்றவர்களுக்கு அது எப்படி இருக்கும் என்ற கேள்வியே எனக்குள் எழவில்லை. அக்காவுக்கு அரை மணி நேரம் காட்டிக் கொடுத்தேன். தலையாட்டிக்கொண்டே கேட்டார். புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட்: அறையில் நடந்தது

மூன்று வாரம் கழித்துப் போனேன். மாலை ஆறரை மணி, பிள்ளைகள் பதினெட்டுப் பேர், ஓடியது இரண்டு கணினி. மற்ற மூன்றின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. ஏன் என்று கேட்டதற்கு மிஸ் நேராகப் பதில் சொல்லவில்லை. “நீ இவ்வளவு மெனக்கெட்டுச் செஞ்சிருக்கே, பழகிடுவாங்க” என்றார்.

அக்காதான் தன் நோட்டை எடுத்துக் காட்டினார். தையல் அளவு எழுதும் நீள நோட்டு. அதில் பதினோரு கேள்விகள். ‘மணி எங்கே தெரியும்?’ ‘பென்டிரைவ் போட்டால் எங்கே வரும்?’ ‘சத்தம் எப்படிக் குறைப்பது?’ ‘சின்னதாக்கினால் எங்கே போகிறது?’ ‘தமிழ் எப்படி?’ கடைசியாக, இரண்டு முறை அடிக்கோடு போட்டு: ‘எப்படி ஆஃப் பண்ணுவது?’

“தம்பி, தப்பா நினைக்காதீங்க. தெரிஞ்சவங்களுக்கு இது நல்லா இருக்கும்போல. எனக்கு ஆஃப் பண்ற இடமே தெரியல. சுவிட்சைத்தான் அணைக்கிறேன், தினமும் பயந்துக்கிட்டே” என்றார்.

நான் பதில் சொல்லாமல் ஒரு பையனின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் செய்வதைப் பார்த்தேன். உலாவியைத் திறந்தான், எதையோ தேடினான், ஜன்னலைச் சின்னதாக்கினான். பட்டை இல்லாததால் அது கண்ணிலிருந்து மறைந்தது. மூடிவிட்டதாக நினைத்து மறுபடி உலாவியைத் திறந்தான். மறுபடி சின்னதாக்கினான். கால் மணி நேரத்தில் திரைக்குப் பின்னால் ஐந்து உலாவி ஜன்னல்கள் உயிரோடு இருந்தன. அவற்றில் இரண்டில் வீடியோ. நினைவகம் நிரம்பி, ஹார்ட் டிஸ்க் கரகரவென்று ஓட, கணினி உறைந்தது. அவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போய்விட்டான்.

இருப்பதிலேயே லேசானது என்று நான் தேர்ந்தெடுத்த அமைப்புதான் அந்தக் கணினியை அன்று பளுவாக்கியது. ஒரு பட்டைக்கு ஆகும் முப்பது நாற்பது எம்பியை மிச்சம் பிடிக்கப்போய், ஒவ்வொரு பிள்ளையும் தெரியாமலே ஒரு ஜிபியை வீணாக்கும்படி செய்திருந்தேன்.

அளந்து பார்த்தது

அந்த வாரம் ஒரு கோர் 2 டுவோவை வீட்டுக்கு எடுத்துவந்து மூன்று அமைப்புகளையும் மாற்றி மாற்றிப் போட்டு அளந்தேன். இவை அந்த ஒரு கணினியின் எண்கள். உங்களுடையதில் வேறாக இருக்கும். சும்மா இருக்கையில் ஓப்பன்பாக்ஸ் மட்டும் என்றால் சுமார் 190 எம்பி, எல்எக்ஸ்கியூட்டி டெஸ்க்டாப் சுமார் 400, எக்ஸ்எஃப்சிஇ சுமார் 480. ஆனால் ஃபயர்ஃபாக்ஸில் ஒரு வீடியோ பாடம், ஒரு விண்ணப்பப் பக்கம், ஒரு மின்னஞ்சல் என்று மூன்று டேப் திறந்தால், எந்த அமைப்பாக இருந்தாலும் அதற்குமேல் 1.2, 1.3 ஜிபி கூடியது. லிப்ரெஆபிஸையும் சேர்த்துத் திறந்தால் 2 ஜிபி தாண்டி ஸ்வாப்புக்கு, அதாவது ரேம் போதாதபோது நினைவகமாகப் பயன்படும் வட்டுப் பகுதிக்குப் போனது. ஸ்வாப் இருந்தது பதினைந்து வயதை நெருங்கும் ஹார்ட் டிஸ்க்கில். தாமதம் முழுக்க அங்கேதான்.

ஆக, நான் சண்டை போட்டுக்கொண்டிருந்த 290 எம்பி வித்தியாசம் பிரச்சினையின் ஓரத்தில் இருந்தது. நடுவில் இருந்தவை உலாவி, வட்டு, ரேம்.

இரண்டாம் முடிவு

பழைய மாணவர் ஒருவர் 8,000 ரூபாய் தந்தார். கணினிப் பாகங்கள் விற்கும் எஸ்.பி. ரோட்டில் ஐந்து 120 ஜிபி எஸ்எஸ்டிகள் (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான வட்டுகள்), எட்டு 2 ஜிபி டிடிஆர்2 ரேம் துண்டுகள், பேட்டரிகள், பேஸ்ட் எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய் ஆனது. கோர் 2 டுவோ பலகைகள் நான்கும் 4 ஜிபிக்கு மேல் ஏற்காதவை. ரேம் வாங்கும்போது ஒரு விஷயம் கவனிக்க வேண்டியிருந்தது. மலிவாகக் கிடைக்கும் டிடிஆர்2 துண்டுகளில் ஏஎம்டி பலகைகளில் மட்டும் வேலை செய்பவை உண்டு. இன்டெல் பலகையில் செருகினால் திரை கறுப்பாகவே நிற்கும். எங்களுக்கு இரண்டு அப்படி வந்து, மறுநாள் மாற்றினோம். மிச்சத்தை ஒரு ராத்திரி முழுக்க, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்டில் ஓடவிட்டதில் இன்னொரு துண்டிலும் பிழை தெரிந்தது. அதையும் கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்.

பென்டியம் 4-ஐ ஒதுக்கினோம். டெபியன் 12-இல் 32 பிட் கணினிக்கும் இடம் இருந்தது, நிறுவியிருக்கலாம். ஆனால் 1 ஜிபியில் இன்றைய உலாவி ஓடாது. அது ஒன்றுக்காக வேறொரு டெஸ்க்டாப் வைத்தால் அக்கா இரண்டு விதம் கற்க வேண்டும். எல்லாக் கணினியிலும் ஒரே முகம் இருக்க வேண்டும் என்பது அவருடைய நோட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்ட முதல் விதி. பென்டியத்தைப் பிரித்துப் பிள்ளைகளுக்கு உள்பாகம் காட்டப் பயன்படுத்துகிறார்கள்.

டெஸ்க்டாப்பாக எக்ஸ்எஃப்சிஇ 4.18-ஐ எடுத்துக்கொண்டேன். எல்எக்ஸ்கியூட்டி இன்னும் சற்று லேசு, அதுவும் நல்ல தேர்வுதான். ரேம் 4 ஜிபி ஆனபின் அந்த வித்தியாசம் பொருட்டல்ல. எக்ஸ்எஃப்சிஇயில் பட்டையை வேண்டியபடி அமைப்பது எளிது. எதையாவது தவறுதலாக இழுத்துவிட்டாலும் சரிசெய்யும் இடம் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கிறது. 1996-இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கிய திட்டம் அது, இன்றுவரை நிதானமாகத்தான் மாறிவருகிறது. திடீரென்று முகம் மாறாத மென்பொருள் இந்த மாதிரி அறைக்குப் பெரிய உதவி.

செப்டம்பர்: அமைத்த விதம்

இந்த முறை அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்க, ஐ3 கணினியில் முதலில் நிறுவினோம். டெபியன் 12-இன் நிறுவியில் வைஃபை போன்றவற்றுக்குத் தேவையான ஃபர்ம்வேரும் (வன்பொருளுக்குள் ஓடும் சிறு மென்பொருள்) சேர்ந்தே வருகிறது. முன்பு அதைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் தடுக்கிவிழும் இடம் ஒன்று: ரூட் (முழு நிர்வாகி) கடவுச்சொல் கேட்கும் திரையில் எதையும் தட்டாமல் காலியாக விட்டுவிட்டால், முதல் பயனருக்கே நிர்வாக அனுமதி கிடைத்துவிடும். அங்கே ஒரு கடவுச்சொல் கொடுத்துவிட்டு, பிறகு நிர்வாக வேலைக்கான ‘சூடோ’ கட்டளை ஏன் மறுக்கிறது என்று குழம்பியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பட்டை எங்கே இருக்க வேண்டும், அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை அக்காவே சொன்னார். கீழே ஒரே பட்டை. இடது ஓரத்தில் மெனு. அதையடுத்து உலாவி, எழுதும் மென்பொருள், கோப்புகள், கணக்குப் போடும் விரிதாள் என நான்கு ஐகான்கள். நடுவில் திறந்திருக்கும் ஜன்னல்கள், ஐகானோடு பெயரும் தெரியும்படி. வலது ஓரத்தில் மொழி, சத்தம், மணி, அதற்குப் பின் சிவப்பு நிறத்தில் ‘அணை’. அந்தச் சிவப்புப் பொத்தானைத் தமிழில் எழுதச் சொன்னதும் அவர்தான்.

மற்ற அமைப்புகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிழலும் ஒளிபுகும் தோற்றமும் தரும் கம்பாசிட்டரை நிறுத்தினேன். பழைய இன்டெல் கிராஃபிக்ஸுக்கு அது வீண் சுமை. வெளியேறும்போது அமர்வைச் சேமிக்கும் வசதியையும் நிறுத்தினேன். இல்லாவிட்டால் நேற்று மூடாமல் விட்ட ஜன்னல்கள் இன்று காலை தாமாகத் திறக்கும். திரை தானாகப் பூட்டிக்கொள்வதை எடுத்தேன். இசட்ரேம் வைத்து, ரேமிலேயே ஒரு பகுதியைச் சுருக்கப்பட்ட ஸ்வாப்பாக மாற்றினேன். எர்லிஊம் என்ற சிறு சேவை, நினைவகமும் ஸ்வாப்பும் தீரப்போகும் நேரத்தில் அதிகம் தின்னும் நிரலை நிறுத்தி, கணினி உறையாமல் காக்கிறது. பிள்ளைகளுக்கு உலாவி ஒருமுறை மூடிக்கொள்வது பரவாயில்லை. பத்து நிமிடம் அசையாமல் நிற்கும் திரைதான் அவர்களை எழுந்து போக வைக்கிறது. வீடியோவுக்கு, யூடியூபிடம் எச்.264 வடிவத்தையே கேட்டு வாங்கும் ஒரு நீட்சியைச் சேர்த்து, 480 அளவுக்கு மேல் போக வேண்டாம் என்று சொல்லிவைத்தோம். கோர் 2 டுவோவுக்குப் புதிய வீடியோ வடிவங்கள் கடினம்.

தமிழ் உள்ளீட்டில் நிறைய நேரம் போனது, போக வேண்டியதுதான். தட்டும் மொழியை மாற்ற உதவும் ஐபஸ் கட்டமைப்போடு, பல மொழி விசைமுறைகள் அடங்கிய எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் கிடைக்கின்றன. கன்னடமும் கூடவே வருகிறது. மிஸ் ஒலிபெயர்ப்பில் பழகியவர், அம்மா என்பதை ஆங்கில எழுத்தில் நினைத்துத் தட்டுவார். பிள்ளைகளுக்குத் தமிழ்99 என்று நான் பிடிவாதமாக நின்றேன். 1999-இல் சென்னை தமிழிணைய மாநாட்டை ஒட்டி முடிவான அந்த விசைப்பலகையில், ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக வந்துவிடும். அ, ம, ம, ஆ என்று நான்கு விசையில் ‘அம்மா’ முடிந்துவிடுகிறது. தமிழ் எழுத்தை வீட்டிலும் பள்ளியிலும் எழுதப் பழகாத இந்தப் பிள்ளைகளுக்கு, உயிரும் மெய்யும் சேரும் விதத்தை விசைப்பலகையே சொல்லிக்கொடுக்கிறது. மிஸ் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி இரண்டு வாரத்தில் தன் பாட்டியின் ஊர்ப் பெயரைப் பார்க்காமல் தட்டிக் காட்டியபின் சம்மதித்தார். இரண்டு முறையும் இருக்கின்றன. விண்டோஸ் படம் போட்ட விசையோடு ஸ்பேஸை அழுத்தினால் மாறும்.

மிஸ்ஸின் பழைய வினாத்தாள்கள் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருந்ததால் எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தன. அவற்றை யூனிகோடுக்கு மாற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பிடித்தது. பள்ளியிலிருந்து வரும் ஆங்கில ஆவணங்களில் வரிகள் நகர்ந்துபோகாமல் இருக்க, கலிப்ரிக்கு ஈடான கார்லிட்டோ எழுத்துருவையும் போட்டேன்.

ஒன்று சரியானபின் மற்ற நான்குக்கும் அதே அமைப்பை நகலெடுக்க வேண்டும். பயனரின் கான்ஃபிக் ஃபோல்டரை எட்ஸிக்குள் இருக்கும் ஸ்கெல் ஃபோல்டரில் (/etc/skel) வைத்துவிட்டால், புதிதாக உருவாக்கும் ஒவ்வொரு கணக்கும் அதே முகத்தோடு பிறக்கும். ஒரு எச்சரிக்கை: எக்ஸ்எஃப்சிஇ ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் அமைப்புக் கோப்புகளைக் கையால் திருத்தினால், வெளியேறும்போது அது பழையதையே மேலெழுதிவிடும். வெளியேறிவிட்டு, வேறு கணக்கிலிருந்து திருத்த வேண்டும். இது தெரியாமல் ஒரே திருத்தத்தை மூன்று முறை செய்தேன்.

அக்டோபர்: இரண்டு தவறுகள்

முதலாவது டேட்டா. அறைக்கு இணைப்பு அக்காவின் மொபைல் ஹாட்ஸ்பாட்தான், நாளுக்கு 1.5 ஜிபி. பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக இறங்கும்படி வைத்திருந்தேன். ஐந்து கணினியும் ஒரே மாலையில் ஒரே தொகுப்புகளைத் தனித்தனியாக இறக்க, ஏழு மணிக்கெல்லாம் டேட்டா தீர்ந்தது. அன்று அக்காவின் மகளுக்கு ஆன்லைன் தேர்வு இருந்தது. மகள் பக்கத்து வீட்டு வைஃபையில் எழுதினார். அக்கா என்னிடம் குறை சொல்லவில்லை. மகள் சொன்னதால் தெரிந்தது. ஐ3-இல் ஆப்ட்-கேஷர்-என்ஜி நிறுவினேன். இப்போது ஒரு தொகுப்பு ஒரே ஒரு முறை இறங்குகிறது, மற்ற நான்கும் ஐ3-யிடமிருந்து வாங்கிக்கொள்கின்றன. அதுவும் சனிக்கிழமை காலையில் மட்டும்.

இரண்டாவது இதைவிட மோசம். பிள்ளைகள் எதைக் கலைத்தாலும் மறுநாள் சரியாகிவிட வேண்டும் என்று, மாணவர் கணக்கின் முழு வீட்டு ஃபோல்டரும் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் முதல் நிலைக்குத் திரும்பும்படி ஒரு ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். கணினியில் சேமித்தது நிலைக்காது என்று சுவரில் ஒரு தாளும் ஒட்டினேன், ஆங்கிலத்தில். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எழுதிய கன்னடத் திட்டக் கட்டுரை, கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை இல்லாமல் போனது. ஸ்கிரிப்ட் ஓடிய வட்டு எஸ்எஸ்டி. அழிந்ததை மீட்க முடியவில்லை. அவள் அழவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு ஒன்பதரை வரை மிஸ்ஸும் அவளும் நானும் உட்கார்ந்து மறுபடி எழுதினோம். அவள் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல நான் தட்டினேன். கன்னடம் எனக்கு மெதுவாகத்தான் வரும். அவள் பொறுமையாக எழுத்துச் சொன்னாள்.

மறுநாள் காலையே மாற்றினேன். இப்போது திரும்புவது அமைப்புக் கோப்புகள் மட்டும், ஆவணங்களைத் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அக்கா எல்லா ஆவணங்களையும் ஒரு பென்டிரைவில் நகலெடுக்கிறார். சுவரில் இருக்கும் தாள் தமிழிலும் கன்னடத்திலும், அக்காவின் கையெழுத்தில் இருக்கிறது.

பின்விளைவு: 2024 மார்ச் வரை

ஆன் செய்து உலாவி தயாராவதற்கு 6 நிமிடம் 40 விநாடி எடுத்த கணினி இப்போது 45 விநாடிக்குள் வருகிறது. இதில் பெரும் பங்கு எஸ்எஸ்டியுடையது. டெஸ்க்டாப் தேர்வின் பங்கு சிறிது. ஐந்தும் தினமும் ஓடுகின்றன. உதவித்தொகை விண்ணப்பங்களைப் பிள்ளைகள் அறையிலேயே போட்டார்கள்.

நோட்டில் இருந்த பதினோரு கேள்விகளுக்கும் அக்கா தன் கையாலேயே பதில் எழுதியிருக்கிறார். வருகைப் பதிவும் மாதக் கணக்கும் விரிதாளுக்கு வந்துவிட்டன, தமிழில். நவம்பருக்குப் பிறகு அவர் என்னைக் கூப்பிட்டது இரண்டு முறைதான். ஒரு முறை பட்டை மேலே ஏறிவிட்டதற்கு. நான் போய்ச் சேர்வதற்குள் அவரே இறக்கியிருந்தார். இன்னொரு முறை பிரின்டருக்கு. அது ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் கணினியிலிருந்து ஃபர்ம்வேரைக் கேட்கும் வகை. அரை நாள் போராடி ஐ3-இல் மட்டும் ஓடவைத்து, மற்றவற்றுக்கு அதிலிருந்து பகிர்ந்தோம். தீராத குறை ஒன்று: பள்ளியிலிருந்து, யூனிகோடு அல்லாத நுடி எழுத்துருவில் வரும் பழைய கன்னடக் கோப்புகள் இன்னும் ஒவ்வொன்றாகத்தான் மாற வேண்டியிருக்கிறது.

மறுபடி செய்வதென்றால்

நிறுவுவதற்கு முன் ஒரு வாரம் வெறுமனே அறையில் உட்கார்ந்து பார்ப்பேன், கையில் எதுவும் இல்லாமல். அக்காவின் நோட்டு ஆகஸ்டில் கிடைத்தது. ஜூலையிலேயே கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். ரேம் எண்ணைப் பார்ப்பதற்கு முன், உலாவியில் மூன்று டேப் திறந்து வைத்து அளப்பேன். பணம் இருப்பது கொஞ்சமே என்றால் எஸ்எஸ்டிக்கு முதலில் போடுவேன், ரேமுக்கு அடுத்து. ஒரே கணினியை முழுதாக முடித்து, பிள்ளைகள் இரண்டு வாரம் அதைப் புழங்கியபின்தான் மற்றவற்றைத் தொடுவேன். ஐந்தையும் மூன்று நாளில் முடித்த அந்த வேகத்தால் ஐந்து வாரம் போயிற்று. எதையாவது தானாக அழிக்கும் ஸ்கிரிப்டை, அந்த அறையில் இருப்பவர்களுக்கு அவர்கள் மொழியில் வாயால் சொல்லாமல் இனி வைக்கமாட்டேன்.

2025: அடுத்த பதிப்பு

டெபியன் 13 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்தது. 32 பிட் கணினிகளுக்கான நிறுவி அதில் இல்லை. பென்டியத்தை ஒதுக்கியது அந்த வகையிலும் சரியாகப் போனது. உடனே மாற்றலாமா என்று கேட்டேன். “தசரா லீவு வரட்டும் தம்பி, இப்ப டெஸ்ட் நடக்குது” என்றார் அக்கா. காத்திருந்தோம்.

அக்டோபரில் முதல் கணினியை நான் மேம்படுத்தினேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுதிக்கொண்டார். டெபியன் 13-இல் தற்காலிகக் கோப்புகள் வட்டுக்குப் பதிலாக ரேமில் தங்குகின்றன. பாதி ரேம் வரை அது எடுத்துக்கொள்ளலாம். 4 ஜிபி கணினியில் அது வேண்டாமென்று, அந்த ஏற்பாட்டை முடக்கினோம். அதையும் எழுதிக்கொண்டார். இரண்டாவதையும் மூன்றாவதையும் அவர் செய்தார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மீதி இரண்டை நான் ஊரில் இல்லாதபோது முடித்திருக்கிறார். நடுவில் ஒரு அமைப்புக் கோப்பைப் பழையபடி வைத்துக்கொள்ளவா, புதியதை ஏற்கவா என்று திரை கேட்க, அந்த ஒன்றுக்கு மட்டும் போன் செய்தார். கோப்பின் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். நாங்கள் திருத்திய இசட்ரேம் கோப்பு அது. பழையதை வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். “அப்படித்தான் நினைச்சேன், சும்மா கேட்டுக்கிட்டேன்” என்று சொல்லி வைத்துவிட்டார்.